அப்பன் வீட்டு வாய்க்கால்

மார்ச் 3

போன மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு, குடோனில் கேரளா லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது எனக்கு மாரடைப்பு வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். நேற்று வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. சாப்பாட்டு யோசனை சொல்ல ரெஜினா என்று ஒரு பெண் இருக்கிறது. “வாய்க்குள்ள போறது ஒண்ணு விடாம எழுதுங்க சார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணிக் கேப்பேன்” என்றது. முட்டை வியாபாரம் பண்ணுகிறவனுக்கு எழுத்து வேலை அதிகம் கிடையாது. சொன்னதற்காக எழுதுகிறேன்.

காலை: இட்லி மூன்று. மத்தியானம்: சோறு ஒரு கரண்டி, கொள்ளுப் பருப்பு, மோர். சாயங்காலம்: ஒன்றும் இல்லை. என் மனைவி துளசிமணி கொடுக்கவில்லை.

வாய்க்குள் போனதைத்தான் எழுதச் சொன்னார்கள். வாயிலிருந்து வந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கிளம்பும் முன் இருதய டாக்டர் கேட்டார்: “அப்பா இருக்காரா?”

“நாப்பத்தேழு வயசுல போயிட்டாருங்க. சந்தையில உக்காந்த வாக்கிலேயே.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஒருத்தரும் இல்லீங்க.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் துளசிமணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு உரித்தாள். சேலத்திலிருந்து நாமக்கல் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரஞ்சையும் கொடுக்கவில்லை.

மார்ச் 4

ராகிக் கூழ். கீரை. கீரை. கொய்யாக்காய் ஒன்று. மறுபடி கீரை.

மார்ச் 7

ரெஜினா போன் பண்ணியது. எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன்.

“சார், நோட்டில முட்டைன்னு ஒரு வரிகூட இல்லையே. நாமக்கல்ல இருந்துட்டா?”

“நிறுத்தியாச்சும்மா.”

“முன்னாடி எத்தனை சாப்பிடுவீங்க?”

“எட்டு.”

“வாரத்துக்கா?”

“காலையில.”

லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

விஷயம் இதுதான். லோடு ஏற்றி இறக்கும்போது முட்டை உடையும். லேசாகக் கீறல் விட்டதை ஆம்லெட் கடைக்காரன் பாதி விலைக்கு எடுப்பான். கசிகிறதை எவனும் தொடமாட்டான். பதினாறு வயதில் மூட்டை தூக்கப் போன முதல் நாள் முதலாளி அதைக் குப்பையில் கொட்டச் சொன்னார். நான் டம்ளரில் ஊற்றி மிளகுத்தூள் போட்டுக் குடித்தேன். விலை போகாத சரக்கு வயிற்றுக்குள் போனால் அது நட்டம் இல்லை என்பது என் வழி. குடோன் எனக்கே சொந்தமான பிறகும் அதை விடவில்லை. முப்பத்தேழு வருடம். இந்தத் தொழிலில் உள்ளவனைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

ரெஜினா நிதானமாகச் சொன்னது. எல்லாருக்கும் முட்டை விஷம் இல்லையாம். ஆனால் குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் எதைப் போடுகிறோமோ அதைத் தின்கிற கூட்டம்தான் உள்ளே பெருகும். மஞ்சள் கருவிலும் கறியிலும் உள்ள ஒரு சத்தைச் சில கிருமிகள் தின்றுவிட்டு, அழுகின மீன் வாடை அடிக்கிற ஒரு வாயுவை விடுகின்றன. ஈரல் அதை வேறொன்றாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அது ரத்தக் குழாயில் அழுக்குப் படியத் துணை போகிறது என்கிறார்கள்.

“என்கிறார்கள்னா? உறுதியா இல்லையா?” என்றேன். சரக்கு எடுக்கும்போது கேட்கிற கேள்விதான்.

“ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு சார். ஆனா எட்டு முட்டைக்கு ஆராய்ச்சி தேவையில்ல.”

நியாயமாகப் பேசுகிற பெண்.

மார்ச் 9

மத்தியான மாத்திரை தூக்கம் கொண்டுவருகிறது. தூக்கம் என்று சொல்ல முடியாது. வேப்பம்பூ வாடை சன்னல் வழியாக வருவதும், மெயின்ரோட்டில் லாரி கியர் மாற்றுவதும் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் நான் கட்டிலில் இருக்கமாட்டேன்.

இன்று குடோனின் இருட்டறையில் இருந்தேன். முட்டையை விளக்கின் மேல் காட்டிக் கீறல் பார்க்கும் அறை. அட்டை அட்டையாக முட்டைகள் விளக்கைத் தாண்டிப் போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கணம் உள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் எரிந்து அணைகிறது. வரிசையில் நானும் இருக்கிறேன். என் முறை வருகிறது. விளக்கு அடியிலிருந்து என்னை எரிக்கிறது. சூடு இல்லை, சுகமாக இருக்கிறது. யாரோ ஒரு கை என்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. அந்தக் கை என்ன முடிவு பண்ணுகிறது என்று தெரியும் முன் விழித்துவிட்டேன்.

சாயங்காலம்: கம்மங்கூழ், சின்ன வெங்காயம்.

மார்ச் 15

மறுபடி கனவு. இதை ரெஜினாவிடம் சொல்லப்போவதில்லை.

என் வயிற்றுக்குள் சந்தை கூடியிருந்தது. விடிவதற்கு முன் இருக்கும் நீல வெளிச்சம். தரை ஈரமாக, மெத்தென்று இருந்தது. குண்டூசித் தலை அளவு ஆட்கள், தலையில் உருமாக் கட்டிக்கொண்டு, ஆயிரம் பதினாயிரம் பேர் வாசலில் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டார்கள். “எங்கீங்க சரக்கு? இன்னிக்கும் லோடு வரலீங்களா?” முப்பத்தேழு வருட வாடிக்கை. நானே வளர்த்த வாடிக்கை. ஒவ்வொருவனும் கொழுகொழுவென்று இருந்தான். மீன் வாடை தாங்கவில்லை.

தூரத்து மூலையில், ஒரு சாக்கு விரித்து, நாலைந்து பேர் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வாடிய கீரைக்கட்டு. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் ஒருவன் தலையை மட்டும் தூக்கி, “நாங்க இருக்கறது உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றான்.

எழுந்து முகம் கழுவினேன். துளசிமணியிடம் நாளைக்குத் தண்டுக்கீரை எச்சாக இரண்டு கட்டு வாங்கச் சொன்னேன். “என்ன அதிசயம்?” என்றாள். “சும்மாதான்” என்றேன்.

மார்ச் 22

சேலத்தில் செக்கப். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று எடுத்ததில் கெட்ட கொழுப்பு இருநூற்று எண்பத்து நான்கு. நூறுக்குள் இருக்க வேண்டியதாம்.

“முட்டைங்களா?” என்றேன்.

“முட்டை மட்டும் இவ்வளவு ஏத்தாது. இது பிறவிக் கோளாறு மாதிரி தெரியுது. அப்பா வழியில வந்திருக்கு.”

அவர் விளக்கியதை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். ரத்தத்தில் வரும் கொழுப்புச் சரக்கைக் கொள்முதல் பண்ண ஈரலில் கதவு கதவாக இருக்கிறது. எனக்குப் பிறக்கும்போதே பாதிக் கதவு பூட்டியிருக்கிறது. சரக்கு உள்ளே போக வழியில்லாமல் ரோட்டிலேயே தேங்கி நிற்கிறது. அதன் மேல் முப்பத்தேழு வருடமாகத் தினம் எட்டு முட்டையை நான் வேறு இறக்கியிருக்கிறேன்.

“நல்லவேளை உங்களுக்கு அண்ணன் தம்பி இல்ல. இருந்தா பாதிக்குப் பாதி அவங்களுக்கும் இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா போதும், மாத்திரையில கட்டுப்படுத்திடலாம். எடுக்காம விட்டாத்தான் அப்பா மாதிரி ஆயிடும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துளசிமணிதான் பேசினாள். “ஒரு தம்பி இருக்காருங்க டாக்டர். ராசிபுரத்துல. வர்ற சித்திரைக்கு நாப்பத்தேழு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த இருதயப் படத்தைப் பார்த்தேன். ஆப்பிள் மாதிரி வரைந்திருக்கிறார்கள். நிஜத்தில் அப்படி இருக்காது.

திரும்பும்போது ராசிபுரம் ஊருக்குள் விடச் சொன்னேன். “பைபாஸ்ல போனா சீக்கிரமுங்க” என்றான் டிரைவர். ஊருக்குள் வெயில் குறைவாக இருக்கும் என்றேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மெதுவாகப் போகச் சொன்னேன். பச்சைப் போர்டு போட்ட கடை ஒன்று. வாசலில் மூங்கில் தட்டுகளில் கீரை. ஆள் யாரும் வெளியே தெரியவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 23

தம்பி பெயர் நல்லசிவம். என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பா சாகும்போது அவனுக்குப் பத்து வயது. குடோனிலிருந்து தூக்குப்போசியில் உடைசல் முட்டை கொண்டுவந்து நான்தான் அவனுக்குப் பொரித்துப் போட்டேன். ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ என்பான். பிறகு தொழிலிலும் பாதிக்குப் பாதி கூட்டு.

முப்பத்தைந்து வயதில் அவன் ஏதோ ஒரு சபையில் சேர்ந்து கறி, முட்டை எல்லாம் விட்டான். விட்டதோடு நிற்கவில்லை. ஆயுத பூஜை அன்று, தராசுக்கும் அட்டைகளுக்கும் பொட்டு வைத்து, நாற்பது வேலையாட்கள் நிற்கும்போது, “இது உயிர்க்கொலைத் தொழில்ணா. என்ற பங்கு வேண்டாம்” என்றான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நான் அன்றைக்கு ஒன்று சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பது இந்த நோட்டுக்குத் தேவையில்லை.

பதினோரு வருடம் ஆகிறது.

காலை: சந்தகை, தேங்காய்ப்பால் இல்லாமல்.

மார்ச் 28

ரெஜினாவிடம் பொதுவாகக் கேட்டேன். “ஏம்மா, சின்ன வயசில நெறைய முட்டை தின்ன ஒரு ஆளு, அப்பறம் விட்டுட்டான்னா, அந்தக் கிருமியெல்லாம் உள்ளேயே இருக்குமா?”

“யாரு சார் அது?”

“தெரிஞ்ச ஆளு.”

“இருக்காது சார். தீனி மாறினா சில வாரத்திலேயே உள்ள கூட்டம் மாற ஆரம்பிச்சிடும். பல வருசமா காய்கறியே சாப்பிடறவங்க வயித்தில அந்தக் கெட்ட வாயு விடற கூட்டம் நெம்பக் குறைவு.”

நல்லது என்றேன். பிறகு, “ஆனா ஜீன்?” என்றேன்.

“அது கீரைக்குக் கட்டுப்படாது சார்.”

மார்ச் 31

என் மேனேஜர் அய்யாவுவை ராசிபுரத்துக்கு, நல்லசிவத்தின் கீரைக்கடைக்கு அனுப்பினேன். வியாபார விஷயம் போலப் போய், டாக்டர் சொன்னதை ஒப்பித்துவிட்டு வரவேண்டும் என்று.

வந்து சொன்னார்: “உக்கார வெச்சு வாழைத்தண்டுச் சாறு குடுத்தாருங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. ‘முட்டை வித்தவருக்கு முட்டையே சொல்லிக்குடுத்திருக்குது. என்ற வவுத்துல பன்னெண்டு வருசமா கீரையும் கம்பும்தான். எனக்கு ஒண்ணும் வராது’ன்னாருங்க.”

“வேற?”

“அண்ணன் இப்ப நடக்கறாரான்னு கேட்டாருங்க.”

“என்ன சொன்னீங்க?”

“நடக்கறாருன்னேன். அப்பறம் எனக்குக் குடுத்த டம்ளரையே தொடச்சிக்கிட்டு இருந்தாரு.”

ஏப்ரல் 6

வராத சரக்கை வரவழைக்க வழி இல்லாமல் போகாது. ராசிபுரம் லாரி டிரைவர் சங்கத்தில் ஆள் தெரியும். அவர்கள் பெயரில், அவன் கடைக்கு நேர் எதிரே உள்ள கல்யாண மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம். செலவு என்னுடையது. என் பெயர் எங்கும் வரக்கூடாது. இலவசம் என்றால் ரோட்டைத் தாண்டி வரமாட்டானா?

காலை: இட்லி. கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 13

முகாம் நடந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேருக்குச் சர்க்கரை கண்டுபிடித்தார்கள். ஒரு கிழவர் இரண்டு முறை ரத்தம் கொடுக்கப் பார்த்தாராம்.

நல்லசிவம் ரோட்டைத் தாண்டவில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பசியோடு வெளியே வந்த நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவன் கடையில் முடக்கத்தான் சூப் விற்றிருக்கிறான். பத்து மணிக்கு அண்டா காலி. மறுபடி வைத்தானாம்.

அய்யாவு இதைச் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார். நான் சிரித்தேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தேன். என் தம்பி வியாபாரியாகத்தான் இருக்கிறான்.

பிறகு வெகுநேரம் சிரிப்பு வரவில்லை. நாளை சித்திரை ஒன்று. அவனுக்கு நாற்பத்தேழு பிறக்கிற மாதம்.

ஏப்ரல் 17

துளசிமணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள், ஏதோ காய்கறி விலை சொல்வது போல.

“ஏனுங், நீங்க ஐ.சி.யூ.ல கிடந்த மூணு நாளும் உங்க தம்பி கீழ நின்னுக்கிட்டிருந்தாருங்.”

“கீழன்னா?”

“வண்டி நிறுத்தற எடத்துல. புங்க மரத்தடியில. மேல வாங்கன்னு நான் ரெண்டு தரம் கூப்பிட்டேன். ‘என் சாவுக்குக்கூட நீ என்ற படி ஏறக்கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரு அண்ணி. அண்ணன் பேச்சை மீற மாட்டேன்’னாரு. நீங்க கண்ணு முழிச்ச சேதி சொன்னப்பறம்தான் போனாரு.”

“ஏன் இத்தனை நாள் சொல்லலை?”

“ஒருத்தரும் இல்லீங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே. இல்லாத ஆளைப் பத்தி என்னன்னு சொல்றது?”

அரிசியில் கல்லே இல்லை. அவள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம்: ராகிக் களி, கீரைக் கடைசல். பாதி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24

மத்தியானம். மின்விசிறி சுற்றுகிற சத்தம் தூரத்தில் தண்ணீர் ஓடுவது போல மாறியது. பிறகு தண்ணீரே ஓடியது.

என் வயிற்றுச் சந்தையைத் தாண்டி நடந்தேன். உருமாக் கட்டிய கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது; மூலையில் இருந்தவர்கள் நடுவில் வந்து கடை விரித்திருந்தார்கள். யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒரு வாசல் வந்தது. உள்ளே இன்னொரு சந்தை. கூட்டிப் பெருக்கி, சாணம் தெளித்து, தரை பச்சையாக மினுங்கியது. கீரையும் கம்பும் குவிந்திருந்தன. பேரம் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் ஐயா என்று கூப்பிட்டார்கள். வாடை இல்லை, மழை பெய்து முடிந்த வாசம். இது நல்லசிவத்தின் வயிறு என்று தெரிந்தது. பெருமையாக இருந்தது.

சந்தைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாக, கெட்டியாக, ஓடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரையெல்லாம் ஆடை படிந்திருந்தது. இவ்வளவு சுத்தமான ஊரில் இது எப்படி என்று கீரைக்காரன் ஒருவனைக் கேட்டேன். அவன் கிழக்கே கை காட்டினான். “அது எங்க தண்ணி இல்லீங்க. மேல இருந்து வருது. உங்க அப்பன் வீட்டு வாய்க்கால்.”

வாய்க்காலோடு கிழக்கே நடந்தேன். ரொம்ப தூரம் இல்லை. சந்தைத் திடலில் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிட இளமையாக இருந்தார். ஆமாம், இப்போது நான்தானே மூத்தவன். “சின்னவன் எங்கடா?” என்று கேட்டார்.

எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. சித்திரை வெயில், வியர்வை.

ஏப்ரல் 29

துளசிமணி சொன்னாள்: ஒவ்வொரு மாதமும் கடைசிச் செவ்வாய் நல்லசிவம் மாட்டுச் சந்தைக்கு வருகிறான், கடை மோருக்கு நாட்டு மாடு பார்க்க. அவன் கொழுந்தியாளிடம் இருந்து சேதி. கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனேன்.

சந்தை புழுதியாக, பொன்னிறமாக, காலை வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. மாடுகள் புகைக்குள் நிற்பது போல நின்றன. செந்நிறச் செம்பூத்துப் பசு ஒன்றின் பக்கத்தில் நின்று நல்லசிவம் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. அப்பாவின் காது. அப்பாவின் கழுத்து. என்னைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவன் திரும்பாமல் போனால் என்ன செய்வது?

எங்கள் சந்தையில் ஒரு முறை உண்டு. மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டு மூடி, விரலால் பேசுவார்கள். ஒரு விரலுக்கு ஒரு தொகை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டோடு நீட்டிய கையைத் தட்டிவிடக்கூடாது. பேரம் படியாவிட்டாலும் கை கொடுத்துத்தான் ஆகவேண்டும். அப்பா மாட்டுத் தரகர். எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்துக்கு முன் இதுதான் தெரியும்.

துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு நீட்டினேன்.

மாட்டுக்காரன் குழம்பிப்போய், “ஏனுங், மாடு என்றதுங், என்கிட்டயல்ல கை குடுக்கோணும்” என்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

நல்லசிவம் நின்றான். பிறகு அவன் கை துண்டுக்குள் வந்தது. ஒரே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினேன். ஒன்று. ஒரே ஒரு டெஸ்ட். அவனுக்குப் புரிந்தது, அய்யாவு ஏற்கனவே சொல்லியிருக்கிறார். அவன் பதிலுக்கு எந்த விரலையும் பிடிக்கவில்லை. என் உள்ளங்கையை முழுசாகப் பிடித்தான். பேரத்தில் அப்படி ஒரு பிடி கிடையாது.

“கை ஏன்ணா இப்படிச் சில்லுனு இருக்குது?” என்றான்.

பதினோரு வருடத்தில் முதல் பேச்சு.

“மாத்திரை” என்றேன்.

“மத்தியான வெயில்ல யாரு வரச் சொன்னா?”

“மணி எட்டுடா.”

துண்டுக்குள்ளேயே கை இருந்தது. நான் மறுபடி ஒரு விரலை அழுத்தினேன். அவன் அதே விரலை என் பக்கம் திருப்பி அழுத்தினான். சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். படிந்தது.

செம்பூத்துப் பசுவை அவன் வாங்கவில்லை. மறந்துவிட்டான்.

மே 5

நல்லசிவத்தின் கெட்ட கொழுப்பு: இருநூற்று அறுபத்து ஒன்று. பன்னிரண்டு வருடக் கீரைக்கும் கம்புக்கும் பிறகு. டாக்டர் சொன்னார், அந்தக் கீரை இல்லாவிட்டால் இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ என்று. கழுத்து ரத்தக் குழாயில் இப்போதே லேசான படிவு. மாத்திரை உடனே ஆரம்பிக்க வேண்டும், ஆயுசுக்கும்.

அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “யோசிக்கிறேன்” என்றான். மாத்திரைக் கடையைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். தாண்டி வந்துவிட்டான்.

டெஸ்டுக்குத்தான் பேசினேன். மாத்திரைக்குப் பேசவில்லை. என் தப்பு.

மே 8

ராசிபுரம், அவன் கடை. மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். கீரைகளின் மேல் ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தான். கடைக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது, குளத்துக்கு அடியில் உட்கார்ந்தது மாதிரி.

“ஏன் மாத்திரை வாங்கலை?”

“அந்தப் போர்டைப் படிண்ணா.”

‘மருந்தில்லா வாழ்வு’ என்று எழுதியிருந்தது.

“ஊர்பூரா என்ற பேச்சைக் கேட்டுக் கஷாயம் வாங்கிக் குடிக்கிறாங்க. நான் போய் மெடிக்கல்ல நின்னா? பன்னெண்டு வருசம் சொன்னது அத்தனையும் பொய்யாப் போயிடும்.”

“பொய் இல்லடா. வவுறு உன்னுது. அதை நீ சுத்தமா வெச்சிருக்கே, டாக்டரே சொல்லிட்டாரு. ரத்தம் அப்பனுது. அதுக்கு நீ என்ன பண்ணுவே?”

“எப்படிப் பாத்தாலும் ஏமாத்துதானே.”

“நான் முட்டை வித்துட்டு முட்டை தின்னாம இருக்கறேன். நீ கீரை வித்துட்டு மாத்திரை போடு. ரெண்டு பேரும் ஏமாத்துக்காரனுங்கதான்.”

சிரித்துவிட்டான். சிரித்தபின் முகம் மாறியது.

“அப்பன் செத்த அன்னிக்கு எனக்குப் பத்து வயசு. மாட்டுக்கயிறு அவரு கையிலேயே இருந்துச்சு. நீ விரல் விரலாப் பிரிச்சு எடுத்தே. நாப்பத்தேழு வரப் போகுதுன்னு ரெண்டு வருசமா எனக்குத் தூக்கமில்லண்ணா. அதனாலதான் டெஸ்டுக்கே வரலை. தெரிஞ்சா நெசமாயிடும்.”

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு நீ சொன்ன வார்த்தை” என்று ஆரம்பித்தான்.

“அதைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்” என்றேன்.

“எப்ப?”

“இப்ப. எழுதிக்கோ.”

உண்மையில் அவன் எழுதிக்கொள்ளவில்லை. நான்தான் எழுதினேன். சந்தைத் துண்டு தேவைப்படவில்லை, வாய்விட்டே பேசினோம். ஈஸ்வரி, அவன் மனைவி, சாட்சியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் அவள் எங்களைத் திருத்தினாள். பேசி முடித்த விவரம்:

அவன் தினமும் ராத்திரி ஒரு மாத்திரை போடவேண்டியது. மாத்திரை நாமக்கல்லில் என் பெயரில் வாங்கப்படும். ராசிபுரம் மெடிக்கலில் அவன் நிற்க வேண்டியதில்லை. ‘மருந்தில்லா வாழ்வு’ போர்டை இறக்க வேண்டியது. மாசம் ஒரு முறை கடைக்கு வருகிறவர்களிடம் அவனே ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டியது. (இது ஈஸ்வரி சேர்த்தது.) நான் முட்டை, ஆட்டுக்கறி தொடக்கூடாது, வாரம் ஒரு நாள் மீன் கேட்டேன், அவன் மாசத்துக்கு ஒரு நாள் என்றான், மாசத்துக்கு இரண்டு நாளில் நின்றது. குடோனை நான் மூடமாட்டேன். அதைப் பற்றி அவன் பேசமாட்டான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இருவரும் ஒரே நாளில், ஒரே வண்டியில், சேலம் போய் ரத்தம் கொடுக்க வேண்டியது.

மாத்திரை போட்டதும் எட்டரைக்கு அவன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டியது. என் சாப்பாடு முடிந்ததும் நான் அவனுக்கு ஒன்று. எடுத்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்பது மணி வரை கால் வராவிட்டால், வராத வீட்டுக்கு மற்றவன் வண்டி எடுத்துக்கொண்டு வரவேண்டியது. படியேற யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

இந்த ஒப்பந்தத்துக்குக் கெடு தேதி வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம்.